அவகாசம் கேட்பவரையும் தவணை தவறியவரையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள்

பெறுநர்: இந்திய ரிசர்வ் வங்கியின் ஒழுங்குமுறைத் துறை, வீட்டுக்கடன் தரும் வங்கிகள், வீட்டுவசதி நிதி நிறுவனங்களின் தலைமை அலுவலகங்கள், நம் கடன் வரலாற்றைப் பதிந்துவைக்கும் (சிபில் போன்ற) கடன் தகவல் நிறுவனங்கள் நான்கும்.

வணக்கம்.

வீட்டுக்கடன் தவணையை ஒழுங்காகக் கட்டிவரும் ஒருவருக்கு வேலை போகிறது என்று வைத்துக்கொள்வோம். சேமிப்பில் இரண்டு தவணைக்குப் பணம் இருக்கிறது. மூன்றாவது இடிக்கும் என்று இன்றைக்கே தெரிகிறது. அவர் கிளைக்குப் போய், "மூன்று மாதம் அவகாசம் கொடுங்கள், அதற்குள் வேறு வேலை அமைந்துவிடும்" என்று எழுதிக் கொடுக்கிறார். பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே நிலைமைதான். ஆனால் அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பணம் இல்லாதபோது தவணையை விட்டுவிட்டு, எண்பதாவது நாளில் எங்கேயோ புரட்டிக் கட்டிவிடுகிறார்.

உங்கள் விதிப்புத்தகம் இந்த இருவரில் யாரை மோசமாக நடத்துகிறது? கேட்டவரைத்தான்.

ரிசர்வ் வங்கியின் 2019 ஜூன் 7 நெறிமுறைப்படி, கடன்தாரரின் பண நெருக்கடி காரணமாகத் தவணைத் தேதி, தொகை, கால அளவு என எதை மாற்றிக் கொடுத்தாலும் அது 'மறுசீரமைப்பு'. அப்படிச் செய்த உடனேயே, அதுவரை 'ஸ்டாண்டர்ட்' (ஒழுங்கான கடன்) ஆக இருந்த கணக்கு 'சப்-ஸ்டாண்டர்ட்' ஆகிவிடும். அதாவது வாராக்கடனின் முதல் படியில் போய் உட்காரும். திரும்ப மேலே ஏற, அவகாசம் முடிந்து கட்டத் தொடங்கியதிலிருந்து குறைந்தது ஓராண்டு பிசகாமல் கட்ட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் கணக்குக்கு விழுவது 'கவனிக்க வேண்டிய கணக்கு' என்ற எச்சரிக்கைக் குறி மட்டும்தான்: 30 நாள் வரை எஸ்எம்ஏ-0, 60 நாள் வரை எஸ்எம்ஏ-1, 90 நாள் வரை எஸ்எம்ஏ-2. தொண்ணூறைத் தாண்டாத வரை அது ஸ்டாண்டர்ட்தான்.

வங்கிப் பக்கத்துக் கணக்கையும் சொல்லிவிடுவோம், மேலாளர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. 28.75 லட்சம் ரூபாய் பாக்கியுள்ள வீட்டுக்கடன் ஸ்டாண்டர்டாக இருக்கும்போது கடன் திரும்பாமல் போனால் ஈடுகட்ட வங்கி ஒதுக்கிவைக்க வேண்டிய தொகை 0.25 சதவீதம், ஏறக்குறைய 7,190 ரூபாய். சப்-ஸ்டாண்டர்ட் ஆனால் 15 சதவீதம், ஏறக்குறைய 4.31 லட்சம். மூன்று தவணைக்கு அவகாசம் கொடுத்த குற்றத்துக்கு நாலேகால் லட்சத்தை முடக்க எந்தக் கிளை மேலாளர் கையெழுத்துப் போடுவார்? அதனால்தான் எழுத்தில் வரும் விண்ணப்பத்துக்குப் பதில் வருவதில்லை. "தொண்ணூறு நாள் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள் சார்" என்ற வாய்மொழி ஆலோசனை மட்டும் வருகிறது. வங்கியின் புத்தகத்துக்கு அது நல்ல ஆலோசனை. கடன்தாரரின் சிபில் அறிக்கைக்கு அது விஷம்.

ஏன் என்று சொல்கிறோம். கடன் அறிக்கையில் ஒவ்வொரு கணக்குக்கும் 36 மாதக் கட்டம் இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த மாதம் எத்தனை நாள் பாக்கி என்ற எண் விழும். 000 என்றால் சுத்தம். வரும் பணத்தை வங்கி மிகப் பழைய பாக்கிக்குத்தான் முதலில் வரவு வைக்கும். ஜனவரி 5 தவணையை ஒருவர் விட்டுவிட்டார், பிப்ரவரி 5 முதல் மாதம் தவறாமல் ஒரு தவணை கட்டுகிறார் என்றால், பிப்ரவரியில் கட்டியது ஜனவரிக் கணக்கில் சேரும். பிப்ரவரித் தவணை பாக்கி நிற்கும். மார்ச்சில் கட்டியது பிப்ரவரிக்குப் போகும். விட்டது ஒரே ஒரு தவணை. ஆனால் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ஏறக்குறைய இருபத்தைந்து நாள் பாக்கி என்றே கட்டம் நிரம்பிக்கொண்டு போகும். கூடுதலாக ஒரு முழுத் தவணையும் அதற்கான அபராதக் கட்டணமும் கட்டும் வரை இது நிற்காது. "நான் ஒரு மாதம்தானே விட்டேன், ஏன் பன்னிரண்டு மாதம் கறையாக இருக்கிறது" என்று கேட்பவர்களுக்கு யாரும் இதை விளக்குவதில்லை.

வேறு வழி உண்டு என்பதை நீங்களேதான் காட்டினீர்கள். 2020 மார்ச் 27 சுற்றறிக்கை அதே ஆண்டு மார்ச் 1 முதல் மே 31 வரையிலான தவணைகளுக்கு மூன்று மாத ஒத்திவைப்பை அனுமதித்தது. பிறகு அது ஆகஸ்ட் 31 வரை நீண்டது. அதில் இரண்டு வரிகள் முக்கியமானவை. ஒத்திவைப்பைத் தவணை தவறியதாகக் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கக் கூடாது. அதனால் கடன்தாரரின் கடன் வரலாறு கெடாமல் அந்த நிறுவனங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஆறு மாதமும் பாக்கி நாள் கணக்கில் சேரவில்லை. எந்தக் கணினியும் வெடிக்கவில்லை.

ஆனால் 2020 ஆகஸ்ட் 6இல் வந்த அடுத்த திட்டமும், 2021 மே 5இல் வந்த இரண்டாவது திட்டமும் வேறு ரகம். இரண்டு ஆண்டு வரை அவகாசம் கிடைத்தது, கணக்கும் ஸ்டாண்டர்டாகவே இருந்தது. ஆனால் கடன் அறிக்கையில் 'கோவிட் காரணமாக மறுசீரமைக்கப்பட்டது' என்ற முத்திரை விழுந்தது. முதல் ஒத்திவைப்பு எடுத்தவருக்கு முத்திரை இல்லை. அதன் தொடர்ச்சி என்று நம்பி இரண்டாவதில் கையெழுத்துப் போட்டவருக்கு உண்டு. இரண்டையும் 'மாரடோரியம்' என்ற ஒரே சொல்லால் அழைத்ததில், எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்றே பலருக்குத் தெரியவில்லை.

அந்தக் காலத்துப் பெரிய வாதம் வட்டிக்கு வட்டி பற்றியது. உச்ச நீதிமன்றம் வரை போய், 2 கோடி வரையிலான கடன்களுக்கு அரசு அந்த வித்தியாசத்தைத் திருப்பித் தந்தது. 2021 மார்ச் 23 தீர்ப்பு யாருக்குமே வட்டிக்கு வட்டி கூடாது என்றது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அது எவ்வளவு பணம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

30 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு. இஎம்ஐ 26,035 ரூபாய். இரண்டு ஆண்டு, அதாவது 24 தவணை கட்டியாகிவிட்டது. கட்டியது ஆறேகால் லட்சம். அசலில் கழிந்தது 1,24,700 மட்டும். பாக்கி 28,75,300. இந்த இடத்தில் ஆறு மாதம் ஒத்திவைத்தால் மாதத்துக்கு 20,367 ரூபாய் வட்டி ஏறி, ஆறு மாத முடிவில் பாக்கி 29,99,700 ஆகிறது. இரண்டு ஆண்டு உழைத்துக் கழித்த அசலை ஆறு மாத ஒத்திவைப்பு அப்படியே தின்றுவிட்டது. கடன் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கிறது.

இதில் வட்டிக்கு வட்டி எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 2,180 ரூபாய். நாடே பேசியது இதைப் பற்றித்தான். யாரும் பேசாதது அடுத்து வருவது. ஒத்திவைப்பு முடிந்து, இஎம்ஐ-யை மாற்றாமல் அதே 26,035 என்று விட்டால், மீதமிருந்த 216 தவணை 240 ஆகிவிடும். ஒத்திவைத்த ஆறு மாதத்தையும் சேர்த்தால் கடன் முடிவது 30 மாதம் தள்ளிப்போகிறது. கட்டாமல் விட்டது ஆறு தவணை, 1.56 லட்சம். பின்னால் கூடுதலாகக் கட்டுவது 24 தவணை, 6.25 லட்சம். இருபது வருடம் கழித்துக் கட்டும் ரூபாய்க்கு இன்றைய மதிப்பு குறைவு என்று கணக்குப் படித்தவர்கள் சொல்லலாம், சரிதான். ஆனால் அந்த 30 மாதம் பெரும்பாலும் ஓய்வு வயதுக்கு மேல் போய் விழுகிறது. அப்போது சம்பளமே இருக்காது.

மாறாக, பழைய கடைசித் தேதியிலேயே முடிக்கும்படி இஎம்ஐ-யை 27,492 ஆக்கினால், மாதம் 1,457 கூடும். மொத்தத்தில் கூடுதல் 1.5 லட்சத்தோடு நிற்கும். ஆறேகால் லட்சமா, ஒன்றரை லட்சமா என்பதைத் தீர்மானிப்பது ஒரு படிவத்தில் போடும் டிக் குறி. பல இடங்களில் அந்தப் படிவமே கிடையாது. கணினி தானாகவே காலத்தை நீட்டிவிடும்.

இதே ஆறு மாத ஒத்திவைப்பைப் பதினைந்து ஆண்டு கட்டிய பிறகு எடுத்தால் பாக்கி 12.69 லட்சம்தான், கூடும் தவணை மூன்றே கால். மூன்றாம் ஆண்டில் 24, பதினாறாம் ஆண்டில் மூன்று சொச்சம். அவகாசம் எப்போது எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து விலை ஏழு மடங்கு மாறுகிறது. இதைச் சொல்லும் ஒரு வரி எந்த விண்ணப்பத்திலும் அச்சாவதில்லை.

இனி அடுத்த கடன். இந்த மடலின் மையம் இதுதான். ஒத்திவைப்பு முடிந்து இரண்டு ஆண்டு கழித்து ஒருவர் வேறு கடனுக்குப் போகும்போது நான்கு இடங்களில் அது இடறுகிறது. சிபில் ஸ்கோர் அதில் ஒன்று மட்டுமே.

முதலில் வருமானத்துக்கும் தவணைகளுக்கும் உள்ள விகிதம். இஎம்ஐ 1,457 கூடிவிட்டால், அந்த அளவுக்குப் புதுக் கடன் தகுதி குறையும். 9.5 சதவீதத்தில் ஐந்தாண்டு கார் கடனுக்கு லட்சத்துக்கு 2,100 இஎம்ஐ. அப்படியானால் தகுதி ஏறக்குறைய 69,000 ரூபாய் இறங்குகிறது. இஎம்ஐ-யைக் கூட்டாமல் காலத்தை நீட்டியவருக்கு இந்த இடறல் இல்லை. அவருக்கு வேறொன்று காத்திருக்கிறது. கடன் முடியும் நாள் ஓய்வு வயதைத் தாண்டுவதால், மேற்கொண்டு நீட்ட இடமில்லை என்று சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது டாப்-அப், அதாவது அதே வீட்டின் மேல் வாங்கும் கூடுதல் கடன். வீட்டின் மதிப்பில் இத்தனை சதவீதம்தான் மொத்தக் கடன் என்ற வரம்பு இருப்பதால், ஏறிய 1,24,400 ரூபாய் அப்படியே டாப்-அப் தொகையில் கழிகிறது. இதில் புகார் சொல்ல எங்களுக்கு ஒன்றுமில்லை, கணக்கு கணக்குதான்.

மூன்றாவதுதான் சிக்கல். வட்டி குறைவான வேறு வங்கிக்குக் கடனை மாற்றப் போனால், புது வங்கி கேட்பது சிபில் அறிக்கை மட்டுமல்ல; பழைய கடன் கணக்கின் கடைசி 12 மாத ஸ்டேட்மென்டும் கேட்கும். சம்பளக் கணக்கு ஸ்டேட்மென்டும் வேண்டும். எந்த மாதம் இஎம்ஐ போகவில்லை என்பது அதில் பளிச்சென்று தெரியும். கடன் அறிக்கையில் தவறு என்று எழுதாமல் விட்டாலும், கடன் கொடுப்பவர் கண்ணில் அது படாமல் போகாது. அவர் என்ன முடிவெடுப்பார் என்பதற்கு விதி ஏதும் இல்லை. "உள் கொள்கைப்படி இயலவில்லை" என்று ஒரே வரி. மாற்ற முடியாமல் ஓராண்டு காத்திருந்தால், அரை சதவீத வட்டி வித்தியாசத்துக்கே 30 லட்சத்தில் ஏறக்குறைய 15,000 ரூபாய் போகிறது.

பிரிட்டனிலும் இதேதான் நடந்தது. 2020இல் அங்கே கொடுத்த ஒத்திவைப்பைத் தவறிய தவணையாகக் கடன் அறிக்கையில் எழுதக் கூடாது என்றது அங்குள்ள நிதி நடத்தை ஆணையம். கூடவே, பிற்காலத்தில் கடன் தருபவர்கள் வேறு தகவல்களைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்றும் ஒளிக்காமல் சொன்னது. நம் ஊரில் முதல் பாதி மட்டும் சொல்லப்பட்டது.

நான்காவது, கடன் பத்திரத்தில் உடன் கையெழுத்திட்டவர்கள். பெண் பெயர் சேர்த்தால் வட்டி கொஞ்சம் குறையும் என்பதற்காக மனைவியை இணைக் கடன்தாரராகச் சேர்ப்பது நம் வழக்கம். கணவரின் கணக்கில் விழும் ஒவ்வொரு முத்திரையும் மனைவியின் அறிக்கையிலும் விழும், ஜாமீன்தாரரின் அறிக்கையிலும் விழும். அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. பிறகு மனைவி தொழிலுக்குக் கடன் கேட்கப் போகும் நாளில்தான் அவருக்கே தெரியவருகிறது.

இப்போது எங்கள் கோரிக்கைகள்.

ரிசர்வ் வங்கிக்கு: பெருந்தொற்றுக்கும் பேரிடர் அறிவிப்புக்கும் காத்திராமல், தனிமனிதக் கெடுகாலத்துக்கென்று குறுகிய ஒத்திவைப்பு ஒன்றை மறுசீரமைப்புக்கு வெளியே தனி வகையாக எழுதுங்கள். ஐந்தாண்டில் ஒருமுறை, அதிகபட்சம் மூன்று தவணை. முந்தைய 12 மாதத்தில் 30 நாளுக்கு மேல் பாக்கி வைக்காதவருக்கு மட்டும். தவணைத் தேதிக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். வேலைநீக்கக் கடிதம், மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி, இணைக் கடன்தாரரின் இறப்புச் சான்று, இப்படி ஏதாவது ஒன்று கையில் இருக்க வேண்டும். இத்தனைக்கும் உட்பட்டவர் கணக்கை சப்-ஸ்டாண்டர்டாக இறக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு மேல் தேவைப்பட்டால் அது உண்மையான நெருக்கடிதான், மறுசீரமைப்பு விதி அங்கே பொருந்தட்டும். வேண்டுமானால் இந்த வகைக்கு 0.25-க்குப் பதில் ஒரு சதவீதமோ இரண்டு சதவீதமோ ஒதுக்கச் சொல்லுங்கள். 15 சதவீதம் என்ற சுவரை மட்டும் எடுங்கள். கடன் வாங்கும்போதே ஒப்பந்தத்தில் எழுதிவைத்த ஒத்திவைப்பு உரிமையைப் பிற்பாடு பயன்படுத்துவது புதிய சலுகை ஆகாது என்றும் ஒரு வரியில் தெளிவாக்கினால், வங்கிகள் அதைத் திட்டமாகவே விற்கும்.

கடன் தகவல் நிறுவனங்களுக்கு: இதை மறைக்காதீர்கள். 2020இல் போல எதுவுமே நடக்காத மாதிரி 000 போட்டால், கடன் கொடுப்பவர் ஸ்டேட்மென்டைத் துருவித் தானாகவே ஒரு முடிவுக்கு வருவார்; பெரும்பாலும் தவறான முடிவுக்கு. 'ஒப்புதல் பெற்ற ஒத்திவைப்பு' என்று தனிக் குறியீடு ஒன்று கொடுங்கள். அது 12 மாதம் தெரியட்டும், பிறகு மறையட்டும். ஸ்கோர் கணக்கில் அது சேரக் கூடாது. மறுசீரமைப்பு, செட்டில்மென்ட், ரைட்-ஆஃப் ஆகியவற்றுக்கு அடுத்த வரிசையில் அதை உட்காரவைக்கவும் கூடாது.

கடன் தரும் நிறுவனங்களுக்கு: அவகாசம் எடுத்தவர் மறுபடி எப்போது கடன் வாங்கத் தகுதியானவர் என்று நாள் குறித்துச் சொல்லுங்கள். அமெரிக்காவில் இதைச் செய்தார்கள். 2020 மே 19இல் அங்குள்ள வீட்டுவசதி நிதி ஒழுங்குமுறை அமைப்பு, அவகாசம் முடிந்தபின் தொடர்ந்து மூன்று தவணை கட்டியவர் மறுகடனோ புது வீட்டுக்கடனோ வாங்கலாம் என்று அறிவித்தது. கடன் தருபவர்களிடமிருந்து வீட்டுக்கடன்களை வாங்கிக்கொள்ளும் அந்நாட்டின் மிகப்பெரிய இரு நிறுவனங்களான ஃபேனி மே, ஃப்ரெட்டி மேக் இரண்டுக்கும் அது பொருந்தியது. மூன்று என்பது எளிதில் நினைவில் நிற்கும் எண். இங்கே கடன் மாற்றத்துக்கு மூன்று, டாப்-அப்புக்கு ஆறு என்று வைத்துக்கொள்ளலாம். அந்த எண்ணைத் தாண்டியவரை ஒத்திவைப்பு எடுத்தார் என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது. மறுத்தால் உண்மையான காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஒத்திவைப்பு முடிந்ததும் காலம் தானாக நீளக் கூடாது. வட்டி விகிதம் மாறும்போது இஎம்ஐ-யைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கலந்தா என்று கடன்தாரரிடம் கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்ட் 18 சுற்றறிக்கை சொல்கிறது. அதே கேள்வியை இங்கேயும் கேளுங்கள். வட்டியை மட்டும் கட்டும் வழியையும் சேர்த்து வையுங்கள். பிரிட்டனில் 2023 ஜூனில் வந்த வீட்டுக்கடன் சாசனம், ஆறு மாதம் வட்டி மட்டும் கட்டுவதற்கு இடம் தருகிறது; அதற்குப் புதிதாகத் தகுதிச் சோதனை இல்லை, கடன் அறிக்கையில் பாதிப்பும் இல்லை.

இன்னொன்று, சின்ன விஷயம் போலத் தெரியும், சேதம் பெரிது. ஒத்திவைப்புக்கு ஒப்புதல் கொடுப்பது ஒரு பிரிவு, நாச் என்ற தானியங்கி முறையில் வங்கிக் கணக்கிலிருந்து இஎம்ஐ எடுப்பது இன்னொரு பிரிவு, கடன் தகவல் கோப்பை அனுப்புவது மூன்றாவது. ஒப்புதல் கடிதம் கையில் இருக்கும், 5ஆம் தேதி நாச் வழக்கம்போல் வந்து தட்டும், பணமில்லாமல் திரும்பும். இரண்டு பக்கமும் பவுன்ஸ் கட்டணம் விழும். மூன்றாவது பிரிவு அதைப் பாக்கி நாளாக எழுதி அனுப்பிவிடும். 2025 ஜனவரியில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தகவல் அனுப்ப வேண்டும் என்று ஆனதிலிருந்து தவறும் வேகமாகவே போகிறது. ஒப்புதல் எண் இல்லாமல் நாச் நிறுத்தமோ, நாச் நிறுத்தம் இல்லாமல் ஒப்புதலோ சாத்தியமில்லாதபடி மூன்றையும் ஒரே பொத்தானில் கட்டுங்கள்.

காப்பீட்டையும் கவனியுங்கள். வீட்டுக்கடனோடு ஒற்றைப் பிரீமியமாக வாங்கவைக்கும் ஆயுள் காப்பீட்டில், காப்பீட்டுத் தொகை பழைய அட்டவணைப்படி மாதாமாதம் குறைந்துகொண்டே வரும். ஒத்திவைப்பில் கடன் ஏறுகிறது, காப்பீடு இறங்குகிறது. மேலே சொன்ன கணக்கில் கடன் 270ஆவது மாதம் முடியும். காப்பீடு 240இல் முடிந்துவிடும். கடைசி 30 மாதம் குடும்பத்துக்குக் குடை இல்லை. புது அட்டவணையோடு இந்த இடைவெளியையும் எழுதிக் கொடுங்கள்.

(இந்த மடலைப் படிக்கும் கடன்தாரர்களுக்கு: விதி மாறும் வரை நீங்கள் காத்திருக்க முடியாது. மூன்று தவணைதான் சிக்கல் என்றால் முதலில் நகைக்கடனைப் பாருங்கள். 78,000 ரூபாயை ஓராண்டுக்கு 10 சதவீதத்தில் வாங்கினால் வட்டி 7,800. உங்கள் 36 கட்டங்களும் 000 ஆகவே இருக்கும். அது முடியாவிட்டால், தவணைத் தேதிக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே கிளைக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அவர்கள் தருவது மறுசீரமைப்பா, வேறு ஏதாவதா, கடன் தகவல் நிறுவனத்துக்கு என்ன குறியீட்டில் போகும் என்று பதிலை மின்னஞ்சலில் கேளுங்கள். ஒப்புதல் வந்தாலும் முதல் மாத நாச் நிற்கும் வரை கணக்கில் ஒரு இஎம்ஐ அளவு பணம் வைத்திருப்பது நல்லது. அவகாசம் முடிந்த மறுமாதம் கடன் அறிக்கை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு நிறுவனத்திடமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். தவறு இருந்தால் அந்த நிறுவனத்திடமே புகார் பதிவு செய்யுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் முதல் இருக்கிறது. வேலை கிடைத்ததும், ஏறிய வட்டியளவு தொகையை எப்போது முடிகிறதோ அப்போது அசலில் கட்டிவிடுங்கள். மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்கத் தனிநபர்களிடம் அபராதம் வாங்கக் கூடாது. கட்டும்போது 'இஎம்ஐ அல்ல, அசலுக்கு' என்று குறிப்பிடுங்கள், இல்லையென்றால் அடுத்த மாதத் தவணைக்கு முன்பணமாக அது கிடக்கும்.)

கடைசியாக ஒரு தாள். ஒத்திவைப்பு கேட்டு வருபவர் கையெழுத்துப் போடுவதற்கு முன் அவர் கையில் இது இருக்க வேண்டும். மேலே சொன்ன அதே கடனுக்கு மூன்று மாத ஒத்திவைப்பு என்றால் அதில் இவ்வளவு எழுதினால் போதும்:

இன்றைய பாக்கி 28,75,300 ரூபாய். ஒத்திவைக்கும் தவணை 3. ஏறும் வட்டி 61,500. ஒத்திவைப்பு முடியும் நாளில் பாக்கி 29,36,800.

முதல் வழி: இஎம்ஐ 26,035, மாற்றமில்லை. மீதத் தவணை 216-இலிருந்து 228 ஆகும், கடைசியது முழுத் தவணை அல்ல. மொத்தக் கூடுதல் ஏறக்குறைய 2.95 லட்சம்.

இரண்டாம் வழி: இஎம்ஐ 26,751. கடன் பழைய தேதியிலேயே முடியும். மொத்தக் கூடுதல் ஏறக்குறைய 74,400.

மூன்றாம் வழி: மூன்று மாதமும் வட்டி மட்டும், மாதம் 20,367. பாக்கி ஏறாது. கடன் மூன்று மாதம் தள்ளி முடியும். மொத்தக் கூடுதல் 61,100.

நாச் நிறுத்தப்படும் தேதி, மீண்டும் தொடங்கும் தேதி. காப்பீடு முடியும் மாதம், கடன் முடியும் மாதம். கடன் அறிக்கையில் விழும் குறியீடு, அது மறையும் மாதம். கடன் மாற்றத்துக்குத் தகுதி பெறும் தேதி, டாப்-அப்புக்குத் தகுதி பெறும் தேதி. கடன்தாரர், இணைக் கடன்தாரர், ஜாமீன்தாரர் என மூவரின் கையெழுத்து. கீழே, ஒப்புதல் தரும் அதிகாரியின் பெயரும் பதவியும்.

இப்படிக்கு,
வீட்டுக்கடன் கணக்கும் கடன் அறிக்கையும் படித்துப் பழகிய சிலர்